வேலைப் பட்டியலுக்குத் தனி விண்டோ

மண்டபத்தில் ஒரு மீன் வாடி, ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ், கீழக்கரையில் ஒரு மொத்தக் கடை என்று எங்கே போய்ப் பார்த்தாலும் கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் குரோம் ஒரே கோலத்தில்தான் இருக்கும். ஜிஎஸ்டி தளம் ஒரு டேப், வங்கி ஒரு டேப், வாட்ஸ்அப் வெப், வானிலை, ரயில் டிக்கெட், பாதியில் நிறுத்திய யூடியூப். இருபதைத் தாண்டினால் டேப்பின் பெயர் மறைந்து ஐகான் மட்டும் மிஞ்சும். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலும் அந்த வரிசையில் எங்கோ ஓர் ஐகானாக ஒடுங்கிக் கிடக்கும். ‘ஐஸ் சொல்லணும்’ என்று காலையில் தட்டியது அதற்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் புது மென்பொருள் வாங்கத் தேவையில்லை. கூகுள் டாஸ்க்ஸ், மைக்ரோசாஃப்ட் டு டூ, டூடுயிஸ்ட், டிக்டிக் என்று எந்த ஆன்லைன் பட்டியலையும் தனி ஐகானோடு, தனி விண்டோவாக, முகவரிப் பட்டையும் டேப் வரிசையும் இல்லாமல் திறக்க வைக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் செய்து முடித்த பிறகு வரும் கேள்விகள்தான் அதிகம்: நோட்டிஃபிகேஷன் ஏன் வரவில்லை, ஏன் திரும்பத் திரும்ப லாகின் கேட்கிறது, நெட் இல்லாதபோது எழுதியது எங்கே போனது. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். விண்டோ தனியாகத் தெரிந்தாலும் உள்ளே ஓடுவது அதே பிரவுசர். லாகினை நினைவில் வைக்கும் குக்கி அதனுடையது, சேமிப்பு அதனுடையது, அனுமதிகளும் அதனுடையவை. பிரவுசருக்கு என்ன ஆகிறதோ அது பட்டியலுக்கும் ஆகும்.

யோசனை பழசுதான். 2007-இல் கூகுள் கியர்ஸ் என்ற பிரவுசர் துணைக்கருவி வந்தபோது, நெட் இல்லாமலும் வேலை செய்யும்படி முதலில் அதைப் பயன்படுத்திக்கொண்ட தளங்களில் ரிமெம்பர் த மில்க் என்ற வேலைப் பட்டியலும் ஒன்று. 2008-இல் குரோம் வெளிவந்தபோதே ஒரு தளத்தைத் தனி விண்டோவாக டெஸ்க்டாப்பில் வைக்கும் வசதி அதில் இருந்தது. இன்று அதையே ‘வெப் ஆப்’ என்கிறார்கள்.

தொடங்குவதற்கு முன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். டூடுயிஸ்ட்டுக்கும் டிக்டிக்குக்கும் சொந்த டெஸ்க்டாப் மென்பொருள் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் டு டூ விண்டோஸில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே கிடைக்கிறது. நல்ல கம்ப்யூட்டராக இருந்தால் அதையே போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் இந்த மாதிரி மென்பொருள்களில் பல, தனக்கென்று ஒரு முழு பிரவுசர் எஞ்சினைச் சுமந்துகொண்டு வருபவை. அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் எத்தனையோ வாடிகளிலும் கடைகளிலும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதன் ரேமில் ஏற்கெனவே குரோம் ஓடும்போது இரண்டாவது எஞ்சினை ஏற்றினால் எழுத்து தட்டவே திணறும். பிரவுசர் வழியில் போனால் ஓடிக்கொண்டிருக்கும் அதே எஞ்சினை இதுவும் பங்கு போட்டுக்கொள்ளும். கூகுள் டாஸ்க்ஸுக்கோ டெஸ்க்டாப் மென்பொருளே கிடையாது. அதற்கு இந்த வழிதான்.

குரோமில் செய்வது இப்படி. பட்டியல் தளத்தைத் திறந்து லாகின் செய்து, எந்தப் பக்கம் முதலில் தெரிய வேண்டுமோ அந்தப் பக்கத்தில் நில்லுங்கள். சில தளங்களுக்கு முகவரிப் பட்டையின் வலது ஓரத்திலேயே கீழ்நோக்கிய அம்போடு ஒரு சின்ன மானிட்டர் ஐகான் தெரியும், அதை அழுத்தினால் போதும். தெரியாவிட்டால் மூன்று புள்ளி மெனு, அதில் ‘காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்’, அதற்குள் ‘இன்ஸ்டால் பேஜ் அஸ் ஆப்’. பெயர் கேட்கும். தளத்தின் பெயரை அப்படியே விடாமல் ‘வாடி வேலை’, ‘லாட்ஜ் வேலை’ என்று வையுங்கள். ஸ்டார்ட் மெனுவில் தேடும்போது அந்தப் பெயர்தான் கைகொடுக்கும். பக்கத்திலேயே ‘கிரியேட் ஷார்ட்கட்’ என்று ஒன்று இருக்கும். புதிய குரோமில் அது வெறும் குறுக்குவழி, அழுத்தினால் சாதாரண டேப்பாகத்தான் திறக்கும். பழைய வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எட்ஜில் மூன்று புள்ளி மெனு, ‘மோர் டூல்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால் திஸ் சைட் அஸ் அன் ஆப்’. முடிந்ததும் டாஸ்க்பாரில் வைக்கவா, டெஸ்க்டாப்பில் வைக்கவா, கம்ப்யூட்டர் திறந்ததும் தானாக ஓடவா என்று அதுவே கேட்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, விண்டோஸ் வைத்திருப்பவர் பட்டியலை எட்ஜிலும் மற்ற வேலையை குரோமிலும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. குரோமில் ஹிஸ்டரியை யாராவது துடைத்தாலும் பட்டியலின் லாகின் போகாது.

ஃபயர்ஃபாக்ஸ்காரர்களுக்கு இந்த வசதி விண்டோஸில் 2025-இல்தான் வந்தது. ஆப்பிள் மேக்கில் 2023-இல் வந்த சோனோமா முதல் சஃபாரியின் ‘ஃபைல்’ மெனுவில் ‘ஆட் டு டாக்’ இருக்கிறது. லினக்ஸ் மின்ட்டில் ‘வெப் ஆப்ஸ்’ என்று தனிக் கருவியே உண்டு.

இன்னொரு வழி, கொஞ்சம் கைவேலை. இன்ஸ்டால் மெனு அடம்பிடித்தாலோ, பட்டியலைப் பிரவுசரின் மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்து வைக்க வேண்டுமென்றாலோ இது உதவும். குரோம் ஷார்ட்கட்டை நகலெடுத்து, வலது கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’. ‘டார்கெட்’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே இருப்பதன் கடைசிக்குப் போய் ஓர் இடைவெளி விடுங்கள். பிறகு இரண்டு ஹைஃபன், ஒட்டினாற்போல் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஏ-பி-பி (app), சமக்குறி, தளத்தின் முழு முகவரி. இது தனி விண்டோவுக்கு. தனிச் சேமிப்புக்கு இன்னோர் இடைவெளி விட்டு இரண்டு ஹைஃபன், யூசர், ஒரு ஹைஃபன், டேட்டா, ஒரு ஹைஃபன், டி-ஐ-ஆர் (dir), சமக்குறி, இரட்டை மேற்கோளுக்குள் ஒரு காலி ஃபோல்டரின் பாதை. டி டிரைவில் ‘பட்டியல்’ போல ஒரு ஃபோல்டர் போட்டு, அதன் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பத்தில் எட்டுப் பேர் சறுக்குவது ஹைஃபனில். இந்த வரியை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, அல்லது வேர்டில் எழுதி வைக்க, இரண்டு சிறு ஹைஃபன் ஒரு நீளக் கோடாக மாறிவிடும். நேர் மேற்கோளும் வளைந்த மேற்கோளாகிவிடும். பார்க்க வித்தியாசமே தெரியாது. குரோம் பிழை எதுவும் சொல்லாமல் சாதாரணமாகத் திறந்துகொள்ளும். ஒட்டாதீர்கள், கையால் தட்டுங்கள். தனி ஃபோல்டர் வைத்தால் அது தனி பிரவுசராக ஓடும், ரேமும் தனியாகத் தின்னும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பழைய லேப்டாப்பில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கூகுள் கணக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால் வேறொரு தொல்லை வரும். கணக்குப்பிள்ளையின் சொந்த ஜிமெயில் முதலில், படகு முதலாளியான சம்மாட்டியின் ஜிமெயில் இரண்டாவதாக ஒரே குரோமில் லாகின் ஆகியிருந்தால், தனி விண்டோ பெரும்பாலும் முதல் கணக்கின் பட்டியலைத்தான் காட்டும். படகு வேலை இருக்க வேண்டிய இடத்தில் மளிகைச் சாமான் தெரியும். சரியான தீர்வு, குரோமின் வலது மேல் மூலையில் உள்ள படத்தை அழுத்தி இன்னொரு ‘ப்ரொஃபைல்’ சேர்த்து, அதில் தொழில் கணக்கை மட்டும் திறந்து, அங்கிருந்து இன்ஸ்டால் செய்வது. இன்ஸ்டால் ஆன ஐகான் எந்த ப்ரொஃபைலில் பிறந்ததோ அதிலேயே திறக்கும்.

எல்லாரும் விட்டுவிடுவது, விண்டோவை வைக்கும் இடம். தனி விண்டோ திறந்தும் அதை மினிமைஸ் செய்து வைத்தால் பழைய கதைதான். விண்டோவைத் தேர்ந்தெடுத்து விண்டோஸ் விசையோடு வலது அம்பை அழுத்தினால் திரையின் வலது பாதியில் ஒட்டிக்கொள்ளும். அதன் ஓரத்தை இழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். பெரும்பாலான பட்டியல் தளங்கள் செல்போன் அகலத்துக்கும் ஒழுங்காக மடங்கும். எப்போதும் மேலேயே மிதக்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸைப் போட்டு, விண்டோஸ் விசை, கன்ட்ரோல், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஷார்ட்கட் கீ’ கட்டத்தில் ஓர் எழுத்தைத் தட்டினால் கன்ட்ரோல், ஆல்ட், அந்த எழுத்து சேர்ந்து பட்டியலைத் திறக்கும். ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் இது வேலை செய்யும். வேறு ஃபோல்டருக்குள் போட்டால் செத்துப்போகும்.

தானாகத் திறக்க, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்று தட்டினால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதில் ஷார்ட்கட்டின் நகலைப் போட்டுவிடுங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஓடும் கம்ப்யூட்டரில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் எழுந்ததும் பட்டியல் உடனே திறக்கும், வைஃபை இணைய இன்னும் அரை நிமிடம் ஆகும், அதற்குள் ‘நோ இன்டர்நெட்’ பக்கம் வந்து நிற்கும். எஃப்5 அழுத்தினால் சரியாகும். ஒவ்வொரு நாளும் அழுத்த அலுப்பாக இருந்தால் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ வழியாக, லாகின் ஆனபின் 1 நிமிடம் தாமதித்துத் திறக்கும்படி வைக்கலாம். ‘அட் லாக் ஆன்’ என்ற ட்ரிகரைத் தேர்ந்தால் கீழேயே ‘டிலே டாஸ்க் ஃபார்’ என்ற வரி இருக்கும்.

நோட்டிஃபிகேஷன் மூன்று வாசல்

பட்டியல் தளத்தின் நினைவூட்டல் திரையில் தோன்ற மூன்று வாசல் திறந்திருக்க வேண்டும். முதல் வாசல் தளத்துக்கான அனுமதி. முதல்முறை கேட்டபோது அவசரத்தில் ‘பிளாக்’ அழுத்தியிருந்தால் அது மறுபடி கேட்காது. ஆப் விண்டோவின் மூன்று புள்ளியில் ‘ஆப் இன்ஃபோ’ போய் மாற்ற வேண்டும். இரண்டாவது விண்டோஸின் வாசல். செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் பிரவுசரின் பெயரும் ஆப்பின் பெயரும் ‘ஆன்’ ஆக இருக்க வேண்டும், ‘டு நாட் டிஸ்டர்ப்’ அணைந்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றுவது. பிரவுசர் உயிரோடு இருந்தால்தான் நோட்டிஃபிகேஷன் வரும். விண்டோவை எக்ஸ் அழுத்தி மூடி, குரோமையும் மூடிவிட்டால் சொல்வதற்கு அங்கே ஆளில்லை. குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் குரோம் மூடிய பிறகும் பின்னணி ஆப்கள் ஓடட்டும் என்ற சுவிட்ச் இருக்கிறது. எட்ஜிலும் ‘சிஸ்டம் அண்ட் பெர்ஃபாமன்ஸ்’ பகுதியில் அதே போல ஒன்று. அதைப் போட்டுவிட்டால் திரையில் எதுவும் தெரியாவிட்டாலும் பிரவுசர் உள்ளே விழித்திருக்கும்.

கம்ப்யூட்டரே தூங்கினால்? எதுவும் வராது. எனவே, படகு புறப்படும் முன் மீன்வளத் துறையில் டோக்கன் வாங்குவது போன்ற நேரம் தவறக்கூடாத வேலைக்கு லேப்டாப்பை நம்பாதீர்கள். அதே கணக்கை செல்போன் ஆப்பிலும் திறந்து வையுங்கள். சத்தம் போடுவதைப் போன் பார்த்துக்கொள்ளும், அகலமாக உட்கார்ந்து திட்டமிடத்தான் டெஸ்க்டாப் விண்டோ.

நெட் இல்லாத நேரம்

ராமநாதபுரம் கடலோரத்தில் இது தவிர்க்க முடியாத பகுதி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரண்ட் போவதும் டவர் தள்ளாடுவதும் வழக்கம். தனுஷ்கோடிப் பக்கம் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் சிக்னல் கோடு தெரியும், இணையம் வராது, ஹாட்ஸ்பாட்டில் தொங்கும் லேப்டாப்பும் முழிக்கும். போனின் நெட்வொர்க் செட்டிங்கில் தானியங்கித் தேர்வை அணைத்துவிட்டு, உங்கள் சிம் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுத்தால் இது தீரும்.

பட்டியல் தளம் ஆஃப்லைனில் தாங்குமா என்பதை விளம்பர வாசகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், சோதித்துப் பாருங்கள். ஆப்பைத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள். வைஃபையை அணையுங்கள். விண்டோவை மூடி மறுபடி திறங்கள். குரோமின் டைனோசரோ வெற்றுப் பக்கமோ வந்தால் அந்தத் தளத்துக்கு ஆஃப்லைன் கிடையாது. பட்டியல் வந்தால் ‘சோதனை’ என்று ஒரு வேலை எழுதி, மூடி, மறுபடி திறந்து அது நிற்கிறதா பாருங்கள். பிறகு வைஃபையைப் போட்டு அது போனிலும் வந்து சேர்கிறதா பாருங்கள். மூன்றும் தேறினால்தான் நம்பலாம். திறப்பது மட்டும் தேறி, எழுதியது நிற்காத தளங்களும் உண்டு.

தேறிய தளத்திலும் ஆஃப்லைனில் எழுதியவை சர்வருக்குப் போகும்வரை உங்கள் கம்ப்யூட்டரில், பிரவுசரின் சேமிப்பில் மட்டும்தான் இருக்கின்றன. அந்த இடைவெளியில் ‘கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு’ என்று யாராவது ஒரு கிளீனர் மென்பொருளை ஓட்டினாலோ, குக்கிகளையும் தள விவரங்களையும் அழித்தாலோ அவ்வளவும் போச்சு. திரும்பத் திரும்ப லாகின் கேட்பதற்கும் இதே கிளீனர்தான் முதல் சந்தேகம். அடுத்த சந்தேகம், பிரவுசரை மூடும்போது குக்கியை அழிக்கும் செட்டிங். பட்டியல் தளத்தை அதில் விதிவிலக்காகச் சேர்க்கலாம்.

கரண்டோடு வரும் இன்னொரு பழுதை நெட் பழுது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டுக் கடிகாரத்தைக் காப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி. அது தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டரின் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது’ என்று சொல்லி எந்தத் தளமும் திறக்காது. ரௌட்டரை ஐந்து தடவை அணைத்துப் போட்டும் பயனிருக்காது. கீழ் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். தப்பாக இருந்தால் சரிசெய்துவிட்டு, பேட்டரியை மாற்றுங்கள். எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். கழற்றும்போது அந்தக் குழியில் உப்புக்காற்று பச்சையாகப் பூத்திருந்தால் உலர்ந்த டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் போடுங்கள்.

கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் 7 என்றால் குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, 2023-இல் வந்தது. தனி விண்டோ அதிலும் வேலை செய்யும். ஆனால் பட்டியல் தளங்கள் பழைய பிரவுசரை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. ஒருநாள் காலை வெள்ளைப் பக்கம் வந்தால் நெட்டைத் திட்டாதீர்கள்.

தமிழில் எழுதும்போது

பாமினி எழுத்துருவில் பழகிய கை என்றால் முதலில் அதை மறக்க வேண்டும். பாமினியில் தட்டினால் பட்டியலில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். தளத்துக்கு யூனிகோடு மட்டுமே தெரியும். பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வழியாகத் தமிழ் தட்டுபவர்களுக்கும் இடைஞ்சல் உண்டு, ஆப் விண்டோவில் எக்ஸ்டென்ஷன் பொத்தான் வெளியே தெரியாது, மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். விண்டோஸிலேயே உள்ள தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்வது மேல். ஒலிபெயர்ப்பு முறை பழக்கமென்றால் விண்டோஸ் 10-இன் 2019 அப்டேட்டிலிருந்து ‘தமிழ் ஃபொனெட்டிக்’ இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ் விசைப்பலகை போட்டிருக்கும்போது தளத்தின் ஓரெழுத்துக் குறுக்குவிசைகள் பல வேலை செய்யாது. டூடுயிஸ்ட்டில் ஆங்கில ‘க்யூ’ தட்டினால் புது வேலைக்கான கட்டம் வரும், தமிழில் இருந்தால் அந்த விசை வேறோர் எழுத்தாகிவிடும். ஆப் கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி போடுபவர்கள் உண்டு. ஆங்கிலத்துக்கு மாற்றி ஒருமுறை தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதேபோல ‘நாளை’, ‘வெள்ளிக்கிழமை’ என்று தமிழில் எழுதினால் டூடுயிஸ்ட் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது, காலண்டர் ஐகானை அழுத்தித்தான் தேதி வைக்க வேண்டும். பிரவுசரின் தானியங்கி மொழிபெயர்ப்பையும் இந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். அது பக்கத்தின் எழுத்தை அடியோடு மாற்றுவதால், டிக் செய்தாலும் நகராமல் தளம் திக்கும்.

திரும்பத் திரும்ப வரும் வேலைகளை வைக்கும்போது எது ஆங்கிலத் தேதிக்கு ஓடுவது, எது ஓடாதது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், வருடா வருடம் அதே தேதி. விசைப்படகைக் கரையேற்ற இடம் பேசுவது, எஞ்சின் மெக்கானிக், பெயின்ட் எல்லாவற்றையும் ‘ஆண்டுதோறும்’ என்று ஒருமுறை வைத்தால் தீர்ந்தது. தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் அப்படி அல்ல. லாட்ஜ்காரர் போன வருடத் தேதியிலேயே ‘ஆண்டுதோறும்’ வைத்தால் தண்ணீர் லாரி கூட்டம் போன பிறகு வந்து நிற்கும். பஞ்சாங்கம் வந்ததும் இரண்டு தேதியையும் கையால் வைப்பதுதான் வழி.

பாசி வளர்ப்பு மூன்றாவது ரகம். மண்டபம் பக்கம் பெண்கள் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ், ஊர்ப்பேச்சில் பெப்சி பாசி, கட்டியதிலிருந்து ஏறக்குறைய 45 நாளில் அறுவடை. காற்று அடித்து அறுவடை ஐந்து நாள் தள்ளினால் அடுத்ததும் ஐந்து நாள் தள்ள வேண்டும். சாதாரண ‘45 நாளுக்கு ஒருமுறை’ முதல் தேதியிலிருந்தே எண்ணிக்கொண்டு போகும். டூடுயிஸ்ட்டில் தேதிக் கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘எவ்ரி’, அதை ஒட்டியே ஓர் ஆச்சரியக்குறி, பிறகு 45 டேஸ் என்று எழுதினால், டிக் செய்த நாளிலிருந்து எண்ணும். ஓர் ஆச்சரியக்குறி, அவ்வளவுதான் வித்தியாசம். கூகுள் டாஸ்க்ஸில் இந்த வகை கிடையாது. அங்கே டிக் செய்யும்போதே அடுத்த தேதியைக் கையால் போட்டுக்கொள்ள வேண்டும்.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி, கடலுக்குப் போகத் தடை என்றால் அன்றைய வேலை அத்தனையும் தள்ளிப்போகும். ஒவ்வொன்றாக மாற்றாமல், பல வேலைகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே அடியாகத் தேதி மாற்றும் வசதி தளத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். படகில் போகிறவர்களுக்கு விண்டோவும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். ஆப் விண்டோவிலும் அச்சிடும் கன்ட்ரோல் பி (P) வேலை செய்யும். சாமான் பட்டியலைக் காகிதத்தில் எடுத்துப் பாலிதீன் கவரில் போட்டு டிரைவர் கையில் கொடுத்துவிடலாம்.

எந்தத் தளத்தையும் மென்பொருளாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் கருவிகள் பக்கம் போகாதிருப்பது நல்லது. இவற்றில் பேர்போன நேட்டிவ்ஃபையரையே 2023-இல் கைவிட்டுவிட்டார்கள். அப்படிச் செய்த பொதிக்குள் உட்கார்ந்திருக்கும் பிரவுசர் எஞ்சின் செய்த நாளோடு உறைந்துவிடும், பாதுகாப்பு அப்டேட் வராது. கூகுள் லாகினும் பல நேரம் ‘இந்த ஆப் பாதுகாப்பானதாக இல்லாமல் இருக்கலாம்’ என்று கதவைச் சாத்தும்.

விண்டோஸைப் புதிதாகப் போட நேர்ந்தால் ஐகான் போகும், பட்டியல் சர்வரில் இருக்கும். திரும்பத் திறக்கப் பாஸ்வேர்டும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு எண் போகும் போனும் வேண்டும். அந்தப் போன் வேலையை விட்டுப் போன பையனுடையதாக இருந்தால் திண்டாட்டம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 8 இலக்கம் கொண்ட 10 பேக்கப் கோடுகள் கிடைக்கும். அச்சிட்டுப் படகு ஆர்சி இருக்கும் ஃபைலிலேயே வையுங்கள். தளமே மூடப்படுவதும் நடக்காததல்ல. வுண்டர்லிஸ்ட்டை 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே மாதத்தில் மூடிவிட்டது. கூகுள் டாஸ்க்ஸ் என்றால் கூகுளின் நகலெடுக்கும் சேவையான ‘டேக்அவுட்’ வழியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகல் எடுத்துக்கொள்ளலாம், அதையும் பட்டியலிலேயே ஒரு வேலையாகப் போட்டுவிடுங்கள். லாகின் எப்போதும் திறந்தே இருக்கும் விண்டோ என்பதால், இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையோடு எல் அழுத்தித் திரையைப் பூட்டும் பழக்கமும் வேண்டும்.

வேண்டாமென்று எடுக்கும்போது ஆப் விண்டோவின் மூன்று புள்ளியில் ‘அன்இன்ஸ்டால்’. குரோம் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டி, இந்தத் தளத்தின் விவரங்களையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும். அதை டிக் செய்தால் அந்த ப்ரொஃபைலின் சாதாரண டேப்பிலும் லாகின் போகும், சர்வருக்கு இன்னும் ஏறாதவையும் போகும். எனவே வைஃபை இருக்கும்போது, போனில் பட்டியலைத் திறந்து கடைசியாக எழுதியது வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.